நிலாவெளி பஸ்ஸில் நான் பூட்டிய போன்

நிலாவெளியில் இருந்து பஸ்ஸில் போய், துறைமுகத்து வேலைத்தலத்தில் நான் மின்னியலாளராக இருந்த காலம். ஒரே மாதத்தில் நான்காவது தடவை பிந்திப் போனபோது ஃபோர்மன் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "நிலாவெளி ஆக்களுக்கு மட்டும்தானோ பஸ் இல்லை?"

பஸ் இருந்தது. எப்போது வரும் என்பதுதான் தெரியாது.

அந்த அவமானத்தில் தொடங்கிய வேலை இது. பஸ்ஸின் 24 வோல்ட் லைனில் இருந்து கன்வேர்ட்டர் வைத்து 5 வோல்ட் எடுத்து, என் பழைய போனை றைவர் சீற்றுக்குப் பின்னால் பூட்டினேன். அது தான் இருக்கும் இடத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும்; பஸ் எங்கே வருகிறது என்பதை யாரும் தங்கள் போனில் ஓர் இணையப் பக்கத்தில் வரைபடமாகப் பார்க்கலாம். அந்தப் பக்கத்தை எழுதிப் பழக மூன்று மாத ஞாயிறுகள் போயின. பஸ் முதலாளி, "செய்யுங்கோ, சனத்துக்கு நல்லதுதானே" என்றார். கொண்டக்டர் யோகன் என்னோடு படித்தவன். போன் சூடாகி நின்றால் திரும்ப ஓன் பண்ணுவது அவன்தான்.

சனம் வீட்டில் இருந்தே பார்த்து வெளிக்கிட்டது. "அண்ணை, இப்ப தேத்தண்ணி குடிச்சுப்போட்டு வாறன்" என்று ஓர் ஆஸ்பத்திரித் தாதி சிரித்தாள்.

பிறகு முதலாளி கூப்பிட்டார். "நேற்று ஓடினதையும் பாக்க ஏலுமோ? எங்க, எவ்வளவு நேரம் நிண்டது எண்டு?"

"ஓம், ஏலும்."

எதற்கு என்று கேட்கவில்லை. பெருமையாக இருந்தது. இரண்டு லீவு நாளில் செய்து கொடுத்தேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்றால் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி விழும்.

இரண்டு கிழமையில் யோகனை வேலையால் நிற்பாட்டினார்கள். கிழமையில் மூன்று நாள், ஒரு சின்ன ஒழுங்கை வீதியில் வந்து சேரும் முகப்பில் ஏழு நிமிடம் சிவப்பு. இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போகும் ஓர் அம்மா அந்த ஒழுங்கையால் மெல்ல நடந்து வருவார். யோகன் பஸ்ஸை மறித்துவைத்து, கையைப் பிடித்து ஏற்றுவான். ஜன்னலோரம் இருந்து நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

முதலாளியிடம் ஓடினேன். "அந்த அம்மாவுக்காகத்தான் நிண்டவன்."

"புள்ளியில அம்மா தெரியேல்லையே. நீங்கள் காட்டினதைத்தானே நான் பாத்தனான்."

அன்றே போனைக் கழற்றினேன். அதே கிழமை அவர் கடையில் பஸ்ஸின் இடம்காட்டும் கருவி வாங்கிப் பூட்டிவிட்டார். அது அவருக்கு மட்டும்தான் காட்டும். வரைபடம் இல்லாமல் போனதற்குச் சனம் என்னைத்தான் ஏசியது. புதுக் கொண்டக்டர் அந்த ஒழுங்கையில் நிற்பதில்லை. அம்மா இப்போது மகளின் மோட்டார் சைக்கிளில், அவள் முதுகில் சாய்ந்தபடி போய் வருகிறார்.

யோகன் வீட்டுக்குப் போனேன். உள்ளே வரச் சொல்லவில்லை.

"பழைய ஓட்டமும் தெரியும் எண்டு நீ எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்" என்றான்.

இப்படியான வேலைகளில் இறங்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். யாருடைய வேலையை உங்கள் கருவி காட்டிக்கொடுக்குமோ, அவரிடம் முதலில் சொல்லுங்கள். நான் வோல்டேஜ் பார்த்தேன், வயர் பார்த்தேன், சிக்னல் பார்த்தேன். யோகனிடம் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது.