முன்வழியை விட்டுக்கொடுத்தவள்

நைரோபி ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் அடுத்தவர் இரத்தக்கறையை வெளுத்த முவிகாலிக்கு, ஓய்வுபெற்ற அன்று தன்னுடையது என்று சொல்லப் பிடி மண் கிடையாது. கணவன் இல்லை, பிள்ளை இல்லை. குடியிருந்த தகரக் கொட்டகையையும் இடிக்கப்போவதாக நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

இரண்டு வருஷம் ஞாயிறுதோறும் பஸ் ஏறி நிலம் தேடி மக்குவேனி மாவட்டப் பக்கம் அலைந்தாள். கையிலிருந்த தொகையைக் கேட்டுத் தரகர்கள் சிரித்தார்கள். கடைசியில் கியாலோ என்ற தரகன் காட்டிய அரை ஏக்கர்தான் எட்டியது. இரண்டு அறைச் செங்கல் வீடு, ஏழு மாமரம், ஒரு மழைநீர்த் தொட்டி. விலை ஏன் மலிவு என்பது முன்வழியிலேயே கிடந்தது. சிமென்ட் பூசிய ஒரு சமாதி.

அதில் கிடந்தவள், நிலத்தை விற்கிற மூசெம்பிக் கிழவரின் மகள். பத்தொன்பது வயதில் போனவள். கிழவரும் மனைவி கவேலியும் மொம்பாசாவில் மகனோடு போய் இருக்கப்போகிறார்கள். பார்க்க வந்த எல்லாரும் சமாதியைத் தோண்டி எடுக்கச் சொன்னார்கள். முவிகாலி மட்டும், "அவ இருக்கட்டும்மா. எனக்கும் துணை வேணும்ல," என்றாள்.

நில விற்பனைக்கு அனுமதி தரும் வாரியத்தில், விற்பவரின் மனைவியைத் தனியாகக் கேட்காமல் முத்திரை விழாது.

"அம்மா, விக்கிறதுல உங்களுக்குச் சம்மதமா?" என்றார் தலைவர்.

கவேலி தோள்துணி முனையை விரலில் சுற்றினாள். "இல்ல."

அடுத்த மாதம் முடிவோடு வரச்சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்ததும் கியாலோ பொரிந்தான். "வீட்ல தலையாட்டிட்டு இங்க வந்து கவுத்துட்டியே, கெழவி."

இரண்டு வருஷமாகத் தள்ளிப்போய்க்கொண்டிருந்த முவிகாலியின் கொட்டகை இடிப்பு அந்த மாதத்துக்குள் நடந்துவிடும். ஆனாலும் வேறொருத்தி போட்டிருக்கும் கூச்சலை அவள் போடவில்லை. கடையில் டீயும் சப்பாத்தியும் வாங்கி வந்து கவேலி அருகில் உட்கார்ந்தாள்.

"சமாதிய தெனமும் பெருக்குறேம்மா. பூச்செடி வைக்கிறேன். எம் பொண்ணாட்டம் பாத்துக்கறேன்."

ஒவ்வொரு வாக்குக்கும் கவேலியின் முகம் இறுகியது.

"போதும். நீ நல்லவதான். ஆனா எம் பொண்ணப் பாக்க நான் வந்தா, உன் வேலிக்கு வெளிய நின்னு 'ஹோடி'ன்னு குரல் குடுக்கணும். நீ உள்ள வான்னு சொல்ற வரைக்கும் நிக்கணும். நீ சந்தைக்குப் போயிருந்தா? பெத்தவ தெருவுல காத்துக் கெடக்கணுமா?"

முவிகாலி வெட்கிப்போனாள். இன்னொருத்தி வயிற்றில் பிறந்தவளுக்குத் தாயாவதாகவா இத்தனை நேரம் வாக்குக் கொடுத்தோம்?

"அப்ப அந்த எடத்த விக்காதீங்க," என்றாள் பிறகு. "ரோட்லேர்ந்து சமாதி வரைக்கும் உங்க பேர்லயே கெடக்கட்டும். அதுக்கு உள்பக்கமா நான் வேலி போட்டுக்கறேன்."

"அக்கா, வீட்டுக்கு வழியே அதான்," என்று கியாலோ பதறினான். "பறந்தா போவ?"

"பின்னாடி ஓடைப் பக்கமா சுத்திப் போவேன். நனைஞ்ச கம்பளிய நாலு மாடி தூக்கினவ, காலு ஒண்ணும் தேஞ்சிடாது."

"வெலையவாச்சும் கொறைக்கச் சொல்லு."

"நீ டீயக் குடி."

கவேலி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் சப்பாத்தியைப் பிய்த்துப் பாதியை அவள் கையில் வைத்தாள்.

நில அளவையாளர் வந்து கல் நட்டார். கொட்டகை இடிபட்டது. தோழி ஒருத்தியின் சமையலறையில் சட்டி பானைகளுக்கு நடுவே முவிகாலி நாளைக் கடத்தினாள். அடுத்த கூட்டத்தில் தலைவர் கேட்டு முடிக்குமுன் கவேலி, "சம்மதம்," என்றாள்.

முள்ளை வெட்டி ஓடையோரம் பாதை போட்டது முவிகாலியேதான். மழைக்காலத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் சேற்றில் வருவாள். "ரோட்டு மேல வீட்ட வாங்கிட்டுக் காட்டு வழியா வர்ற மகராசி," என்று ஊர் கேலி பேசும். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

ஏப்ரலில் ஒரு காலை, மொம்பாசா பஸ்ஸிலிருந்து கவேலி இறங்கினாள். யாரையும் கேட்காமல் நேரே நடந்து போய் மகளருகில் உட்கார்ந்தாள். மாமரத்தடியிலிருந்து பார்த்த முவிகாலிக்குக் கண் நிறைந்தது. ஆனால் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவள் விருந்தாளி ஆகிவிடுவாள். அவள் வந்திருப்பது தன் சொந்த இடத்துக்கு.