முடியும் என்றால் மதிப்பெண் இல்லை

ஹோட்டல் சலவைப் பிரிவில் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். இருபத்திரண்டு வருடமாகப் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு விரிப்புக்கு இரண்டு பேர் வேண்டும். எதிர்முனையைப் பிடிக்க யார் வந்தாலும் சரி, மூலையோடு மூலை சேர்வதற்குள் மடிப்பக்காவின் கணவர் எதற்கும் லாயக்கில்லாதவர் என்பதைத் தெரிந்துகொள்வார்கள். பல்பு மாற்றத் தெரியாது. துரும்பைக்கூட எடுத்து அந்தப் பக்கம் வைக்க மாட்டார். சாப்பிட்ட தட்டு சாப்பிட்ட இடத்திலேயே காய்ந்துகிடக்கும். ஊருக்கெல்லாம் டைல்ஸ் ஒட்டுகிற மனிதர். சொந்தச் சமையலறையில் பெயர்ந்த டைல் ஆறு வருடமாகப் பெயர்ந்தபடியே இருந்தது.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அதற்குப் பிறகு மடிப்பக்கா கணவரைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். எதிர்முனையில் நின்றவர்கள் என்னவோ ஏதோ என்று பயந்தார்கள்.

அரசாங்க உதவிக்கு விண்ணப்பிக்கச் சொன்னது அவளுடைய அக்கா. மாதம் ஒரு தொகை வரும், வாரத்தில் மூன்று நாள் வீட்டுக்கே ஆள் வரும் என்றாள். அதற்கு முன் ஓர் அதிகாரி வந்து இருபது கேள்வி கேட்பார். 'முடியாது' என்ற ஒவ்வொரு பதிலுக்கும் ஐந்து மதிப்பெண். நாற்பது எடுத்தால் தகுதி.

அதிகாரி வருகிற நாளில் மடிப்பக்கா விடுப்பு எடுத்து, வீட்டைத் துடைத்து, கணவருக்குச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள். கைத்தடியை அலமாரிக்குப் பின்னால் வைத்தாள். வெளியாள் வரும்போது அது எதற்கு என்று தோன்றியது.

வந்தவள் சின்னப் பெண். படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, தாமாகச் சட்டை போட்டுக்கொள்ள முடியுமா என்று கேட்டாள்.

"ஏன், முடியுமே," என்றார் அவர்.

அந்தப் பெண் மடிப்பக்காவைப் பார்த்தாள். மடிப்பக்கா தலையாட்டினாள். குளிப்பது? அதுவும் தானேதான். மாடிப்படி? ஏறுவார். சமையல்? முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட அடுப்பைப் பற்றவைக்காதவர் வாயைத் திறப்பதற்குள், "நல்லா சமைப்பாருங்க," என்று அவளே சொல்லிவிட்டாள். ஏன் சொன்னோம் என்று அவளுக்கே புரியவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தியிடம் அவரை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. பத்து மதிப்பெண். தகுதி இல்லை. ஒரு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

அக்கா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். "வந்தவங்க வேலை குடுக்க வந்தாங்கன்னு நெனச்சியா?" என்று கேட்டாள். மேல்முறையீட்டுப் படிவத்தை அவளே நிரப்பினாள். இவர்கள் இருவரையும் நம்பி அதைக் கொடுக்க அவள் தயாராக இல்லை.

விசாரணை அறையில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவருக்குச் சளி பிடித்திருந்தது. கணவர் கைத்தடியோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வாயே திறப்பதில்லை என்று வரும் வழியிலேயே ஒப்புக்கொண்டிருந்தார்.

அதே கேள்விகள். சட்டை?

"முடியாதுங்க. நான்தான் போட்டுவிடறேன்."

குளியல்? ஸ்டூலில் உட்காரவைத்து அவள்தான் குளிப்பாட்டுகிறாள். மாடிப்படி? ஒரு படிகூட முடியாது. அவரால் எதுவும் ஆகாது என்பது முப்பது வருடமாக வாய் ஓயாமல் அவள் சொல்லிவந்த விஷயம்தான். அப்போதெல்லாம் அவர் காதில் வாங்கியதே இல்லை. இப்போது ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கழிப்பறை பற்றிய கேள்வியில் அவள் குரல் இறங்கிவிட்டது. சளி பிடித்தவர் கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொன்னார். சத்தமாகச் சொன்னாள்.

சமையல்?

"முடியாதுங்க."

அப்போது கணவர் வாயைத் திறந்தார். "ஐயா, அதுக்கு மார்க் வேண்டாங்க. கை நல்லா இருந்தப்பவே நான் செஞ்சதில்ல."

முன்பு செய்தாரா என்பது கேள்வி அல்ல, இப்போது முடியுமா என்பதுதான் கேள்வி என்று ஓரத்தில் இருந்த அம்மாள் விளக்கினார். முயன்று பார்த்ததில்லை, அதனால் தெரியாது என்றார் கணவர். படிவத்தில் 'தெரியாது' என்பதற்குக் கட்டம் இல்லை. சளி பிடித்தவர் சற்று யோசித்து, 'முடியாது' என்ற கட்டத்தில் குறி போட்டார்.

வெளியே தாழ்வாரத்தில் கணவர் கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருந்தது.

"இவ்வளவு வேலையா நீ செய்யற?" என்று கேட்டார்.

"ஆமா," என்றாள். அவருடைய செருப்பின் வார் கழன்றிருந்தது. குனிந்து மாட்டிவிட்டாள்.

அறுபத்தைந்து மதிப்பெண் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில்கூட அவர் இவ்வளவு வாங்கியிருக்க மாட்டார் என்றாள் அக்கா.

அடுத்த மாதத்திலிருந்து திங்கள், புதன், வெள்ளி காலைகளில் உதவியாளர் ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், அதிகம் பேசாதவர். முதல் நாள் கணவரைக் குளியலறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு உள்ளே இருவரும் எதற்கோ சிரித்தார்கள். மடிப்பக்கா துண்டோடு வெளியே நின்றாள். யாரும் கூப்பிடவில்லை. துண்டைக் கதவுப் பிடியில் தொங்கவிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். வழக்கமாகப் போகிற பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸே கிடைத்தது. அதில் கூட்டம் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து போனாள்.