எட்டுக்கு மேல் தாங்குமா?

தென்றலுக்குக் கல்லூரி இரண்டாம் வருடத்தில் விழித்திரை நோயால் பார்வை போய்விட்டது. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக்காட்டும் மென்பொருளைப் பழகிக்கொண்டு டிகிரியை முடித்தாள். கல்யாணமாகிக் கீழ்பென்னாத்தூருக்கு வந்த பிறகு ஒரு வேலையும் கிடைத்தது. அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பார்வையற்றவர்களுக்காகப் பலர் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதில் இருமலையும் தடுமாற்றத்தையும் வெட்டி, கேட்கத் தோதாக ஆக்கித் தருவாள்.

தேர்வு நெருங்கிய சமயம் பார்த்து லேப்டாப் படுத்த ஆரம்பித்தது. நீளமான பதிவைத் திறந்தால் படிக்கும் குரல் பாதிச் சொல்லில் நின்றுவிடும். மற்றவர்களுக்குத் திரையில் ஒரு வட்டமாவது சுற்றும். அவளுக்கு எதுவும் தெரியாது. யோசிக்கிறதா, செத்துவிட்டதா என்று பட்டன்மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருப்பாள். அப்படி நின்றதில் ஒரு வரலாற்றுப் பாடம் முழுசாகப் போனது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

"புதுசு வாங்கிடலாமா?" என்றான் கணவன் செழியன்.

"இதோட கீ எல்லாம் கைக்குப் பழகிடுச்சுங்க. மெமரிதான் பத்தல. எவ்ளோ வரைக்கும் தாங்கும்னு மொதல்ல பாத்துடலாம்."

லேப்டாப்பில் இருந்தது எட்டு ஜிபி. கூட வந்த கையேடும் எட்டுதான் உச்சம் என்றது. ஒரு கட்டளையைத் தட்டி லேப்டாப்பிடமே கேட்டாள். முப்பத்திரண்டு என்று குரல் சொன்னது. பிராசசர் கம்பெனியின் இணையப் பக்கத்திலும் அதேதான். ஆனால் அந்தக் கணக்கை அப்படியே நம்பக் கூடாது, போர்டில் மெமரி செருக எத்தனை ஸ்லாட் இருக்கிறது என்று திறந்து பார்த்தால்தான் நிச்சயம் என்றும் படித்திருந்தாள்.

சனிக்கிழமை இருவரும் திருவண்ணாமலைக்குப் போனார்கள். செங்கம் ரோட்டில் கண்ணாயிரம் வைத்திருந்த ரிப்பேர் கடை. அவர் மாடலைப் பார்த்துவிட்டுச் செழியனிடம் சொன்னார். "இது எட்டோட சரி சார். அதுக்கு மேல எடுக்காது."

"திறந்து பாத்தீங்களா அண்ணா?" என்றாள் தென்றல்.

அவர் அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார். "இல்லம்மா. கம்பெனியில அப்படித்தான் போட்டிருக்கான்."

"அவங்க விக்கும்போது போட்டுக் குடுத்தது அவ்ளோதான். அதுக்கு மேல தாங்குமான்னுதான் எனக்குத் தெரியணும்."

கண்ணாயிரம் லேப்டாப்பைக் கவிழ்த்து ஸ்க்ரூக்களைக் கழற்றினார். பிறகு அவள் விரலைப் பிடித்து உள்ளே வைத்துக் காட்டினார். "இது போர்டோட ஒட்டினது, நாலு ஜிபி. இதை எடுக்க முடியாது. பக்கத்துல ஒரே ஒரு ஸ்லாட். அதுல ஒரு நாலு இருக்குது."

"அப்ப முப்பத்திரண்டு வராது. அந்த ஸ்லாட்ல பதினாறு போட்டா இருபது வருமில்ல?"

"வரலாம். எடுக்காமலும் போலாம். எங்கிட்ட ஒண்ணு இருக்குது, போட்டுப் பாத்துடுவோம்."

புது மெமரிச் சில்லைச் செருகிப் பட்டனை அழுத்தினார். லேப்டாப்புக்குள் விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"திரை வந்துச்சாங்க?" என்றாள்.

"இல்ல. கருப்பாத்தான் இருக்குது," என்றான் செழியன்.

முடித்து அனுப்பாத பாடங்கள் அதற்குள் இருந்தன. இருப்பது போதும் என்று விட்டிருக்கலாமோ என்று தோன்றியது. "நிறுத்திடுங்கண்ணா. பழசையே போட்டுக் குடுத்துடுங்க."

"பயப்படாதம்மா. புது மெமரின்னா மொத தடவை கொஞ்சம் நேரம் எடுக்கும். இப்ப அணைச்சாதான் தப்பு."

வெளியே பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. கண்ணாயிரம் கடை வாசலுக்குப் போய், சத்தமாக வண்டியை முறுக்கிக்கொண்டிருந்த ஒருவரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார். தென்றல் லேப்டாப்பின் பக்கம் காதைச் சாய்த்தாள். திடீரென்று அதன் வழக்கமான குரல் கடவுச்சொல்லைக் கேட்டது.

தென்றல் ஒரு தடவை தப்பாகத் தட்டி, மறுபடி தட்டினாள். எவ்வளவு மெமரி என்று கேட்டாள். இருபது என்றது.

"எடுத்துக்கிச்சு," என்றார் கண்ணாயிரம். "நானும் இத்தனை நாளா இந்த மாடல் வந்தா எட்டுன்னுதான் சொல்லி அனுப்பிட்டிருந்தேன்."

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து நீளமான பொருளாதாரப் பாடத்தைத் திறந்தாள். எங்கும் நிற்காமல் ஓடியது. காதில் மாட்டிய ஹெட்போனை அவள் கழற்றவே இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று செழியன் இரண்டு முறை தோளைத் தொட்டுச் சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.