சும்மா விட்ட பதினாலு நாள்

பால் ஆலையில் அவளுக்குக் கிருமி என்று பெயர். முகத்துக்கு நேராக மேடம், முதுகு திரும்பியதும் கிருமி. பாக்கெட் போடும் பிரிவின் சுத்தக் கண்காணிப்பாளர் அவள். பதினாறு வருஷமாக அந்த ஆலையின் குழாய், தொட்டி, சாக்கடை மூடி, பெல்ட்டின் அடிப்பக்கம் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பியதில்லை. கையில் ஒரு டார்ச் இருக்கும். நீளக் கம்பியின் முனையில் பொருத்திய வட்டக் கண்ணாடி ஒன்றும் இருக்கும். இயந்திரத்துக்கு அடியில் கண்ணாடியை நீட்டி, டார்ச்சை அடித்து, குனிந்து பார்ப்பாள். பார்த்துவிட்டு, இதற்குப் பெயர் கழுவியதா என்று கேட்பாள். கேள்விதான், ஆனால் யாரும் பதில் சொல்லித் தப்பித்ததில்லை.

சுவரில் ஓர் அட்டை தொங்கும். மணி வாரியாகக் கட்டங்கள். கழுவினால் கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தால் ஒரு மெமோ. "நல்லா இருக்கு" என்று அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததாக ஆலையில் எவருக்கும் நினைவில்லை. மிகவும் திருப்தி என்றால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த இயந்திரத்துக்குப் போய்விடுவாள். அதைத்தான் ஆட்கள் பாராட்டாக எடுத்துக்கொள்வார்கள்.

மெமோ வாங்குவதில் முதலிடம், இரண்டாவது பெல்ட்டில் வேலை பார்க்கும் ஐம்பது வயது அம்மாள் ஒருத்திக்கு. அந்த அம்மாளுக்கு ஆலையில் வைத்த பெயர் 'நாளைக்கு'. எதைச் சொன்னாலும் "நாளைக்குப் பாத்துக்கலாம் மேடம்" என்பதால் வந்த பெயர். இதுவரை இருபத்துமூன்று மெமோ. ஒவ்வொன்றையும் நாலாக மடித்து, ஆடும் மேசைக்கால் அடியில் வைத்து உட்கார்ந்து சாப்பிடுவாள். போதாக்குறைக்கு, கிருமி குடியிருந்த கட்டடத்திலேயே ஒரு மாடி கீழே அவள் வீடு. படிக்கட்டில் எதிரே வந்தால் இருவரும் கைப்பிடிக் கம்பியைப் பார்த்துக்கொண்டே கடந்துவிடுவார்கள்.

கிருமி பிறந்தபோது பையன் என்று எழுதிக்கொண்டார்கள். அது தப்பு என்று அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரியும். பன்னிரண்டு வருஷமாக ஊரறியப் பெண்ணாகத்தான் இருக்கிறாள். உடம்பில் மட்டும் ஓர் இடம் பாக்கி இருந்தது. அதற்குப் பத்தொன்பது வருஷம் காத்திருந்து, நாற்பத்தொன்றாம் வயதில் ஆபரேஷன் செய்துகொண்டாள். லீவு லெட்டரில் "வயிற்று ஆபரேஷன்" என்று எழுதினாள். என்ன ஆபரேஷன் என்பது வாசல் காவல்காரர் வரைக்கும் தெரியும். இருந்தாலும் எல்லோரும் சேர்ந்து, வயிறு சீக்கிரம் குணமாகட்டும் என்று வாழ்த்து அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். பொய்யையும் மரியாதையாகச் சொல்லத் தெரிந்த ஆலை அது.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு இரண்டு தரம் தண்ணீரும் மென்மையான சோப்பும் கொண்டு வெளிப்புறத்தை மட்டும் கழுவவும். துடைக்காமல் ஒற்றி எடுக்கவும். நாப்கினை அடிக்கடி மாற்றவும். புதிதாக உண்டான பாதை மூடிக்கொள்ளாமல் இருக்க, கொடுத்த டைலேட்டரைத் தினம் மூன்று தரம் ஜெல் தடவி உள்ளே வைத்திருக்கவும். சில வாரங்களுக்கு மஞ்சளாகவோ பழுப்பாகவோ கசிவு இருக்கும், கொஞ்சம் வாடையும் வரும், பயப்பட வேண்டாம்.

கிருமி அந்தத் தாளைப் படித்தாள். எழுதியவர் தன் பிரிவில் இருந்திருந்தால் ஒரே தாளுக்கு மூன்று மெமோ கொடுத்திருப்போம் என்று நினைத்தாள். இரண்டு தரமாம். வெறும் சோப்பாம். வாடை வருமாம், பயப்பட வேண்டாமாம். வாடை வந்தால் கிருமி இருக்கிறது. கிருமி இருந்தால் கழுவவில்லை. பால் தொட்டிக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டமா?

அவளே ஓர் அட்டை தயாரித்துக் குளியலறைக் கதவில் ஒட்டினாள். எட்டு வேளைக் கழுவல். சோப்புக்குப் பதில் கிருமிநாசினி. ஒற்றி எடுப்பதற்குப் பதில் பஞ்சு வைத்து நாலு இழுப்பு. ஒவ்வொரு வேளைக்கும் டிக், பக்கத்தில் கையெழுத்து. கழுவுகிறவளும் அவளே, மேற்பார்வையும் அவளே என்பதால் இரண்டு கையெழுத்து. அண்ணன் வாரம் ஒருமுறை போன் செய்து, மழை உண்டா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவான். ஆபரேஷனைப் பற்றிப் பேச அவனுக்கு வாய் வரவில்லை.

கசிவு நிற்கவில்லை. அவளும் விடவில்லை. எரிந்தது, எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். வாடை கூடியது, எட்டை ஒன்பதாக்கினாள்.

ஐந்தாம் வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். புண் பார்க்கும் நர்ஸ் திரையை இழுத்துவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு பார்த்தாள். பார்த்தவள் நிமிரவே இல்லை. அப்புறம், தினம் எத்தனை தரம் கழுவுகிறீர்கள் என்று கேட்டாள். கிருமி இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தாள். பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். ஒரு கட்டம் காலி இல்லை.

நர்ஸ் அட்டையை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"இத்தனை ஒழுங்கா யாரும் தன் புண்ணைத் தானே கெடுத்து நான் பாத்ததில்லைங்க," என்றாள்.

தையலின் கீழ் முனையில் விரல்நகம் அளவுக்குப் பிரிந்திருந்தது. சுற்றிலும் தோல் வெந்தது போலச் சிவந்து கிடந்தது. அந்த இடத்தில் பிரிவது பலருக்கும் நடப்பதுதான், தானாகவே கூடிவிடும் என்று நர்ஸ் சொன்னாள். ஆனால் கூடுவதற்கு விட வேண்டுமே. மெல்லிசாகப் புதுத்தோல் வரும்போதே இவள் பஞ்சு வைத்து அதை வழித்து எடுத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் வந்து பார்த்து, இரண்டு வாரம் பொறுப்போம், அதற்குள் கூடாவிட்டால் மறுபடி தியேட்டருக்குப் போய்த் தைக்க வேண்டியிருக்கும் என்றார். தைத்தாலும் முன் போல இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

டாக்டர் போனதும் நர்ஸ் மெதுவாகச் சொன்னாள்: "அந்தக் கசிவு அழுக்கு இல்லைங்க. உடம்பு வேலை செய்யுது, அதோட மிச்சம். ரெண்டு தரம் வெறும் தண்ணி, அவ்வளவுதான். டைலேட்டரை மட்டும் விட்டுடாதீங்க. காய்ச்சல் வந்தாலோ ரத்தம் நிக்காம வந்தாலோ உடனே வாங்க. மத்தபடி சும்மா விடுங்க."

கிருமிக்குச் சும்மா விடத் தெரியாது. பத்தொன்பது வருஷம் காத்திருந்து கிடைத்ததை ஐந்தே வாரத்தில் தன் கையாலேயே நாசம் பண்ணிவிட்டோம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தாள். வீட்டுப் படிக்கட்டில் பாதி ஏறியதும் முடியாமல், தையலில் அழுத்தாமல் உட்கார ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த காற்றடைத்த வளையத்தைப் பையிலிருந்து எடுத்துப் படியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து அழுதாள். மேல்படிகளிலிருந்து குப்பைக்கூடையோடு இறங்கிவந்தது, வேறு யார், நாளைக்கு.

நாளைக்கு கைப்பிடிக் கம்பியைப் பார்க்கவில்லை. வளையத்தைப் பார்த்தாள்.

"வயித்து ஆபரேஷனுக்கு யாரும் இதுமேல உக்காந்து நான் பாத்ததில்லை மேடம்," என்றாள். பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள்.

கிருமி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இருபத்துமூன்று மெமோ கொடுத்த ஆளிடம் இதைச் சொல்ல நேர்ந்ததே என்று நடுவில் ஒருமுறை வெட்கமாக இருந்தது. ஆனால் கேட்க வேறு ஆள் இல்லை. நாளைக்கு கடைசிவரை கேட்டுவிட்டு, மேலே வந்து, கிருமிநாசினி பாட்டில் நாலையும் பஞ்சுக் கட்டையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கீழே தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். பையிலிருந்த பழைய அட்டையையும் கிழித்துவிட்டு, புது அட்டை ஒன்றில் பதினாலு கட்டம் போட்டுக் குளியலறைக் கதவில் ஒட்டினாள். எந்தக் கட்டத்திலும் டிக் விழக்கூடாது என்பது உத்தரவு. கூடுதலாகக் கழுவினால்தான் டிக்.

உலகத்தில் இந்த ஒரு வேலைக்கு நாளைக்கை விடத் தகுதியான ஆள் கிடைக்கமாட்டாள். ஷிப்டுக்குப் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை எட்டிப் பார்ப்பாள். எரிகிறது என்றால் நாளைக்குப் பாத்துக்கலாம் என்பாள். வாடை அடிக்கிறது என்றால் நாளைக்குப் பாத்துக்கலாம். ஒரே ஒரு தரம் மட்டும் என்று கெஞ்சினால், அதையும் நாளைக்கே பாத்துக்கலாம். ஆலையில் எந்தச் சொல்லைக் கேட்டால் கிருமிக்கு ரத்தம் கொதிக்குமோ, அதே சொல்லை வேளை தவறாமல் மருந்து மாதிரி விழுங்க வேண்டியிருந்தது.

ஒன்பதாம் நாள் நண்பகலில் கிருமி தோற்றாள். வீட்டில் மிஞ்சியிருந்தது பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒன்றுதான். அதைக் கையில் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனவளை, அன்று அரை நாள் லீவு போட்டு வந்த நாளைக்கு வாசலிலேயே பிடித்துவிட்டாள். திட்டவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டாள்.

கிருமி சோப்பைக் கையில் பிடித்தபடியே பதின்மூன்று வயசுக் கதையைச் சொன்னாள். அப்போது குளிக்கும்போது விளக்கை அணைத்துவிடுவாளாம். அந்த இடத்தைப் பார்க்கப் பிடிக்காது. கண்ணை மூடிக்கொண்டு, துணி துவைக்கும் சோப்பால், தேய்த்தால் போய்விடும் என்பது போலத் தேய்ப்பாளாம். தோல் உரியும். மறுநாளும் தேய்ப்பாளாம். இருபத்தெட்டு வருஷம் அப்படித்தான் குளித்திருக்கிறாள்.

"அது போயாச்சே மேடம்," என்றாள் நாளைக்கு. "இப்ப இருக்கறது யாரோடது?"

"என்னோடது."

"அப்புறம் அதுமேல எதுக்கு அந்தப் பழைய கோவம்?"

கிருமி சோப்பைக் கீழே வைத்தாள். அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் இது படிக்கட்டில் வந்த அழுகை இல்லை. ஆபரேஷன் நடந்ததும் முடிந்ததும் தலைக்குத் தெரியும். கைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. கை பாட்டுக்குப் பழைய எதிரியைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

நாளைக்குக்கு இன்னொரு சந்தேகம். புண் எப்படி இருக்கிறது, பார்த்தீர்களா என்று கேட்டாள். கிருமி தலையைக் குனிந்துகொண்டாள். ஐந்து வாரத்துக்கு மேலாகிறது, ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. கழுவியது, டைலேட்டர் வைத்தது எல்லாமே கண்ணை மூடிக்கொண்டுதான். சாக்கடை மூடியைக்கூட டார்ச் அடித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதவள், இதற்கு மட்டும் பார்க்காமலே ஒரு மாதம் இரட்டைக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

மறுநாள் ஷிப்டு முடிந்து வந்ததும், நாளைக்கு தன் சேலை மடிப்புக்குள்ளிருந்து ஒரு கம்பியை உருவினாள். முனையில் வட்டக் கண்ணாடி. ஆலைச் சாமானை வாசலுக்கு வெளியே கொண்டுவருவது பெரிய குற்றம்; அந்த விதியை எழுதியவளே கிருமிதான். அன்றைக்கு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கண்ணாடியைக் கழுவத் தடை ஏதும் இல்லை என்பதால் கிருமி அதை வெந்நீரில் எட்டு தரம் கழுவினாள். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாளைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். டார்ச் கீழே விழுந்து உருளும் சத்தம் ஒருமுறை கேட்டது, எடுக்கும் சத்தமும் கேட்டது. அதற்கப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. நாளைக்குக்கு முதல்முறையாகக் கவலை வந்தது.

"என்ன மேடம், மெமோவா?" என்று கதவுக்கு வெளியிலிருந்து கேட்டாள்.

"நல்லா இருக்கு," என்றாள் கிருமி.

நாளைக்கு எழுந்து, அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.

பதினாலாம் நாள் நர்ஸ் திரையை இழுத்துவிட்டுப் பார்த்தாள். சிவப்பு அடங்கியிருந்தது. பிரிந்த முனை இளஞ்சிவப்பாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. டாக்டர் எட்டிப் பார்த்து, தியேட்டர் வேண்டாம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனார். என்ன செய்தீர்கள் என்று நர்ஸ் கேட்டாள். கிருமி பையிலிருந்து புது அட்டையை எடுத்துக் கொடுத்தாள். பதினாலு கட்டமும் காலி. நர்ஸ் சிரித்துவிட்டு, இதை இங்கேயே ஒட்டிக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

மூன்றாம் மாதம் முடிந்து கிருமி வேலைக்குத் திரும்பினாள். வயிறு எப்படி இருக்கிறது என்று எல்லோரும் விசாரித்தார்கள். வயிறு நன்றாக இருக்கிறது என்று எல்லோருக்கும் சொன்னாள். இரண்டாவது பெல்ட்டின் அடியில் கண்ணாடியை நீட்டிப் பார்த்தாள். பழைய பால் காய்ந்து படை படையாக ஒட்டியிருந்தது. நாளைக்குப் பாத்துக்கலாம் மேடம் என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரலில் இப்போது கொஞ்சம் உரிமையும் இருந்தது. இப்பவே என்றாள் கிருமி. நின்று, கழுவி முடிக்கும்வரை பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

மத்தியானம் மேசையில் உட்கார்ந்து இருபத்துநாலாவது மெமோவை எழுதினாள். குற்றம்: ஆலைக்குச் சொந்தமான கண்ணாடியை அனுமதியில்லாமல் வெளியே கொண்டுசென்றது. தேதி போட்டாள், கையெழுத்துப் போட்டாள். "எடுக்கப்பட்ட நடவடிக்கை" என்று ஒரு கட்டம் இருந்தது. அதை மட்டும் காலியாக விட்டு, எழுந்துபோய் நாளைக்கின் கையில் கொடுத்தாள்.