மூட்டத்தில் விட்ட கை

மலையேறும் பேருந்தில் ஆறாவது கொண்டை ஊசி வளைவிலோ ஏழாவதிலோ என் காது அடைத்துக்கொண்டது. இரண்டு காதுக்குள்ளும் யாரோ ஈரப் பஞ்சை வைத்து அழுத்தினாற்போல் சத்தமெல்லாம் தூரமாகப் போய்விட்டது. பழவேற்காட்டு ஏரியில் நீந்தி வளர்ந்த எனக்குக் காது அடைத்தால் ஒரே ஒரு பொருள்தான்: தண்ணீருக்குள் ரொம்ப ஆழம் போய்விட்டோம், உடனே மேலே வந்தாகவேண்டும். பேருந்தோ ஏற்கெனவே மேலே மேலேதான் போய்க்கொண்டிருந்தது. இதற்குமேல் எங்கே வருவது என்று தெரியாமல், வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டு நைனாவின் சட்டையைப் பிடித்தேன். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆந்திர எல்லை எங்களுக்குக் கூப்பிடு தூரம்.

"இன்னாமே, கரையில போட்ட மீனு மாதிரி வாயத் தொறக்கற?" என்று அவர் சிரித்தார்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை. கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரம் அந்த ஆண்டு மணல் மூடிப் போயிருந்தது. ஏரி வற்றி, முழங்கால் தண்ணீரில் இறால் இல்லாமல், ஆண்கள் வலையை உதறிக் காயப்போட்டுவிட்டுச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். நைனாவின் தங்கையை ஏற்காட்டில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமா மீஞ்சூர்க்காரர்தான், மலையில் ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை. அத்தைக்கு முதல் குழந்தை பிறந்திருந்தது. தாய்மாமன் சீர் கொண்டுபோகாவிட்டால் ஊர் சிரிக்கும் என்று, வெள்ளி அரைஞாண் ஒன்றும் ஒரு பை நிறையக் கருவாடுமாக நைனா கிளம்பினார். வழித்துணைக்கு நான். கருவாட்டுப் பையால் சேலத்திலிருந்து ஏறிய பேருந்தில் எங்கள் பக்கத்து இருக்கை மட்டும் கடைசிவரை காலியாகவே இருந்தது. "பாத்தியா, நமக்குன்னு தனி சீட்டு வுட்டாங்க" என்று நைனா காலை நீட்டிக்கொண்டார்.

அவர் அப்படிப்பட்ட ஆள். எதற்கும் பயப்பட்டதில்லை, அல்லது பயப்பட்டதை நான் பார்த்ததில்லை. எனக்கோ அந்த மலையில் கால் வைத்தது முதல் பயம்தான். எங்கள் குப்பத்தில் உயரமென்றால் மணல்மேடு; அதற்குமேல் கோயில் வேப்பமரம். எந்தப் பக்கம் திரும்பினாலும் பூமி தட்டையாகப் போய் வானத்தைத் தொடும். இங்கே ஒரு வீட்டின் கூரை அடுத்த வீட்டின் வாசலுக்குக் கீழே கிடந்தது. அத்தை வீட்டுக் கொல்லையில் நின்றால் கீழ்வீட்டுக்காரரின் வழுக்கைத் தலை தெரிந்தது. உருண்டு அவர் தலைமேலேயே விழுந்துவிடுவேன் என்று நினைத்து, இரண்டு நாளும் சுவரை ஒட்டியே நடந்தேன்.

மூன்றாம் நாள் மாமாதான் சொன்னார். "வியூ பாயிண்ட்னு ஒண்ணு கீது மச்சான். அரை மணி நேர நடைதான். கைக்கொழந்தையத் தூக்கினு பொம்பளைங்க போய் வராங்க. மலைக்கு வந்துட்டு அதப் பாக்காத போனா எப்டி?" அவருக்குச் சமையல் வேலை, அத்தைக்குப் பச்சை உடம்பு. எனவே நாங்கள் இருவர் மட்டும். நேரே போ, டீக்கடை வரும், அதைத் தாண்டினால் பாறை, அவ்வளவுதான் வழி.

உண்மையில் அது மிகச் சுலபமான நடை. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். காப்பித் தோட்டத்துக்கு நடுவே மாட்டுவண்டி போகும் அகலத்துக்கு ஒரு மண்பாதை. உதிர்ந்த இலைகள் மெத்தையாகக் கிடந்தன. முந்தின நாள் பெய்த கோடை மழையில் மண் ஈரம். காற்று முதுகுப் பக்கமிருந்து வீசி எங்களைத் தள்ளிக்கொண்டே வந்தது. கைத்தடி ஊன்றிய கிழவி ஒருத்தி எங்களை முந்திக்கொண்டு போனாள். நான் மட்டும் நைனாவின் சுண்டுவிரலைக் கழற்றிவிடுவதுபோல் இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியையும் ஏரிச் சேற்றில் வைப்பதுபோல் பார்த்துப் பார்த்து வைத்தேன். நைனா டீக்கடைக்காரரிடம், "மலைன்னு சொன்னாங்களே, எங்கண்ணா கீது?" என்று கேட்டு அவரைக் கடுப்பேற்றினார்.

பாறை அகலமானது. இரண்டு படகுகளைப் பக்கம் பக்கமாக இழுத்துப் போடலாம். அந்தக் காலத்தில் தடுப்புக் கம்பி கிடையாது. ஓரத்தில் வெள்ளைச் சுண்ணாம்பால் ஒரு கோடு, அவ்வளவுதான். அதற்கு அப்பால் பூமி இல்லை. வெகு கீழே சேலத்துச் சமவெளி, தீப்பெட்டி வீடுகள், கண்ணாடிச் சில்லுபோல் மின்னும் குளங்கள். நைனா கோட்டருகே போய், படகின் முனையில் நிற்பதுபோல் காலை அகட்டி நின்றார். நான் பாறைமேல் குப்புறப் படுத்துக்கொண்டு அங்கிருந்தே பார்த்தேன்.

"தண்ணிக்குப் பொறந்தது தரையப் பாத்துப் பயப்படுதே" என்று அவர் பக்கத்திலிருந்த குடும்பத்தாரிடம் சொல்லிச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். கைக்குழந்தைகூட என்னைப் பார்த்துச் சிரித்தது.

கொஞ்ச நேரத்தில் அந்தக் குடும்பத்துப் பெரியவர் பள்ளத்தைக் கைநீட்டிக் காட்டி, "மூட்டம் ஏறுதுங்க, கெளம்பிருங்க" என்றார். அவர்கள் போய்விட்டார்கள். கிழவியும் போய்விட்டாள். நைனா போகவில்லை. "நாம பாக்காத பனியா? மார்கழியில ஏரியில வராததா இங்க வந்துடப்போவுது?" என்றார். அவர் பேசி முடிப்பதற்குள் குளங்கள் மறைந்தன, பிறகு வெள்ளைக் கோடு மறைந்தது, பிறகு என் கையே எனக்கு மங்கலானது. நான் ஊர்ந்துபோய் அவர் காலைப் பிடித்து, எழுந்து, இடுப்பைக் கட்டிக்கொண்டு, அவரைச் சுற்றிச் சுற்றி வந்ததில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பது இருவருக்குமே தெரியாமல் போனது.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். பனி மூடினால் ஏரியில் கண்ணை நம்பமாட்டார்கள், கன்னத்தைத்தான் நம்புவார்கள். போகும்போது காற்று முதுகில் அடித்தால், திரும்பும்போது முகத்தில் வாங்கிக்கொண்டு வந்தால் கரை. தட்டைத் தண்ணீரில் காற்று அவ்வளவு சீக்கிரம் திசை மாறாது. இன்னொன்று: அப்போது படகில் ஒருவர்தான் பேசலாம். பின்னால் நின்று கோல் ஊன்றுகிறவர் மட்டும். "தண்ணியில ஒரு வாய்தான்" என்பார்கள். எங்கே போகிறோம், எப்போது கரை வரும் என்று யாரும் கேட்கக்கூடாது. கேட்டால் அவருக்குக் கவனம் சிதறும், படகு தப்பும். படகில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தோம் என்பதால் எங்களுக்கு அது அரிச்சுவடிக்கு முன்னே கற்ற பாடம்.

நைனா முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு, "தோ, மூஞ்சியில அடிக்குது. இப்டிக்காப் போனா ஊடு. கம்முனு வா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மலையின் ஓரத்தில் காற்று பள்ளத்திலிருந்து மேலே ஏறி வரும் என்பது அவருக்குத் தெரியாது. எங்கள் ஊரில் யாருக்குமே தெரிந்திருக்காது.

எனக்கும் காற்றைப்பற்றித் தெரியாது. ஆனால் என் காலுக்குத் தெரிந்துவிட்டது. வரும்போது பாறையிலிருந்து பத்தடியில் இலை மெத்தை இருந்தது. இப்போது காலுக்கு இலையே தட்டவில்லை, பாறைதான். அதுவும் சரிந்தது. கட்டைவிரல் செருப்பின் முனையில் போய் இடித்தது. காற்று குளிர்ந்து, பாவாடையைக் கீழிருந்து மேலே தூக்கியது. "நைனா, இது வழி இல்ல" என்ற நான்கு சொற்கள் வாய்வரை வந்துவிட்டன. சொன்னால் படகு தப்பும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு பயந்ததில்லை.

நான் என்ன செய்தேன் என்றால், விரல்களைத் தளர்த்தினேன். முதலில் சுண்டுவிரல், அப்புறம் அடுத்தது. கை வெளியே வந்ததும் அப்படியே பாறைமேல் உட்கார்ந்துகொண்டேன். நைனா ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி வைத்தார். செருப்பு பாறையைத் தேய்க்கும் சத்தம், பொடிக்கற்கள் உருளும் சத்தம், செடி முறிகிற சத்தம். பிறகு ஒரு சத்தமும் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படி என்று சொல்லத் தெரியவில்லை. கீழே போனது அவர் என்பதும், நான் போகவில்லை என்பதும், அது ஏன் என்பதும் அந்தப் பத்து வயதுக்கு மிக நன்றாகப் புரிந்தது.

"ஏய் பாப்பா!" என்று எனக்கு நேர் கீழேயிருந்து குரல் வந்தது. "கீறியா?"

"நைனா..."

"அங்கயே குந்து. ஒரு அடி அசையக்கூடாது. கத்து. டீக்கடைக்காரனுக்குக் கேக்கற மாதிரி கத்திக்கினே இரு."

கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். டீக்கடைக்காரர் இலையைச் சரக்கு சரக்கென்று மிதித்துக்கொண்டு எனக்குப் பின்புறத்திலிருந்து வந்தார். என்னைத் தூக்கி மண்பாதையில் உட்காரவைத்துவிட்டு, கடைக் கூரையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டு மறுபடி போனார். மூட்டம் விலகியபோது பார்த்தேன்: நைனா ஓர் ஆள் ஆழத்தில், உண்ணிச்செடிப் புதருக்குள், ஒரு பாறைப் பிளவில் காலை ஊன்றி நின்றிருந்தார். அந்தப் புதருக்குக் கீழே ஒன்றுமில்லை.

"மூட்டம் வந்தா உக்காந்த எடத்துலயே உக்காந்துக்கணுங்க" என்று டீக்கடைக்காரர் திட்டிக்கொண்டே அவரை மேலே இழுத்தார். "புள்ளைக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையே."

கடையில் நைனாவின் கையிலிருந்த டீ முழுவதும் அவர் மடியிலேயே சிந்தியது. கொஞ்சம் நிதானத்துக்கு வந்ததும் சொன்னார்: "கால் வழுக்கிச்சிண்ணா. வழுக்கனதும் மொத வேலையா கொழந்த கைய வுட்டுட்டேன். இல்லன்னா அதுவும் எங்கூட வந்திருக்கும்." நான் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பியதும் இந்தக் கதை எங்கள் குப்பத்தில் கொடிகட்டிப் பறந்தது. வலை பின்னும் இடத்தில், கோயில் கூழ் ஊற்றும் நாளில், அனுப்பம்பட்டுச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் என்று எங்கும் சொன்னார். "உயிர் போற நேரத்துலயும் புள்ளைய நெனச்சான் பாரு" என்று கேட்டவர்கள் எல்லாம் மெச்சினார்கள். ஒவ்வொரு முறையும் கை விட்ட இடம் வரும்போது எனக்கு அந்தப் பாறைமேல் ஒட்டியதுபோலவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்த முறை ஞாபகம் வந்துவிடும், நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார் என்று காத்திருப்பேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் சொன்னார். தட்டோடு உள்ளே போய்விட்டேன். வெட்கம் என்று நினைத்தார்கள்.

போன கோடையில் என் கணவரோடும் மகளோடும் ஏற்காடு போனேன். அந்த மண்பாதை இப்போது சிமெண்டுக் கல் பதித்த நடைபாதை. டீக்கடை இருந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறார்கள். பாறையைச் சுற்றி மார்பளவு இரும்புக் கம்பி. மகள் கம்பிமேல் வயிற்றை அழுத்திக்கொண்டு எட்டிப்பார்த்து, "தாத்தா எங்கம்மா வுழுந்தாரு?" என்று சத்தமாகக் கேட்டாள். மூட்டம் ஏறி வந்தபோது பிள்ளைகள் எல்லாம் கைதட்டினார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஊருக்கு வந்த அன்றே நைனாவைப் பார்க்கப் போனேன். முழங்கால் வலியால் அவர் இப்போது படகில் போவதில்லை. வாசலில் நாற்காலி போட்டு ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பட்டென்று சொல்லிவிட்டேன். "நைனா, அன்னிக்கு நீ கைய வுடல. நான்தான் வுட்டேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "தெரியும்மே" என்றார். "வெரலு ஒண்ணொண்ணா கழண்டுச்சே. எனக்குத் தெரியாதா?"

அப்புறம் ஏன் இத்தனை வருஷமாக அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"பின்ன இன்னா சொல்றது? பொண்ணு அப்பன நம்பாம கைய வுட்டுட்டு குந்திக்கினான்னு சொன்னா, ஊர்ல எவன் ஒன்னப் படகுல ஏத்துவான்? லீவு முடிஞ்சா நீ பள்ளிக்கூடம் போவணுமே." முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "நீ வுட்டது நல்லதுதான். ஆனா ஒரு வார்த்த சொல்லிட்டு வுட்டிருக்கலாம்" என்றார்.

அழுதேன்.

அந்த நாளுக்குப் பிறகு நைனா அந்தக் கதையைச் சொல்வதில்லை. யாராவது எடுத்துக்கொடுத்தாலும், "அது வுடு" என்று வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார். குப்பத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இனி அது தெரியாது. என் மகள் மட்டும் விடாமல் நச்சரிக்கிறாள். "ஒங்கம்மாவக் கேளு. அவளுக்குத்தான் சரியாத் தெரியும்" என்று அவளை என்னிடம் அனுப்பிவிடுகிறார். அவள் வந்து மடியில் உட்காருகிறாள். பாறைவரைக்கும் சொல்லிவிடுகிறேன். அதற்குமேல் இன்னும் வாய் வரவில்லை.