அடுப்படி ஜன்னலில் சிக்னல்

ஆண்டிமடம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மொபைல் கடை வைத்திருந்த செல்வம் அண்ணன் இன்று விடியற்காலை இறந்துவிட்டார். ஹார்ட் அட்டாக். ஆபீசுக்குக் கிளம்பும்போது ஊர் நண்பன் போன் பண்ணிச் சொன்னான்.

அவரோடு பழக்கமே சண்டையில்தான் ஆரம்பித்தது.

எனக்குப் பெரம்பலூரில் வேலை. அம்மா ஆண்டிமடத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கிறார். வீட்டுக்குள் சிக்னல் சுத்தமாகக் கிடையாது. ஒருமுறை பாத்ரூமில் வழுக்கி விழுந்து, ஹாலுக்குத் தவழ்ந்து வந்து போனை எடுத்தும் லைன் போகவில்லை. பால்காரர் வரும்வரை அப்படியே கிடந்தார்.

அந்தப் பயத்தில் செல்வம் அண்ணன் கடையில் சிக்னல் பூஸ்டர் ஸ்டிக்கர் வாங்கி அம்மா போனில் ஒட்டினேன். ஒரு புண்ணாக்கும் நடக்கவில்லை. நேரே போய்க் கத்தினேன்.

"ஸ்டிக்கர்ல ஒண்ணும் வராதுங்க தம்பி. கேட்டு வாங்குறாங்க, விக்கிறேன்" என்றார் கூசாமல்.

சரி, மாடியில் ஆன்டெனா வைத்து மாட்டுகிற பூஸ்டர் பெட்டி? என்று கேட்டேன்.

"அது வேலை செய்யும். ஆனா பர்மிஷன் இல்லாத பெட்டிய மாட்டுனா உங்க வூட்ல ஃபுல் சிக்னல், தெருவுல எவனுக்கும் லைன் கெடைக்காது. டெலிகாம் ஆபீசருங்க வந்து கழட்டிட்டுப் போயிருவாங்க. நான் மாட்டித் தரமாட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரே பைக்கில் அம்மா வீட்டுக்கு வந்தார். அம்மா எலிக்குப் பயந்து போனை எவர்சில்வர் சம்படத்தில் போட்டு மூடி வைத்திருந்தார்.

"ஏங்கம்மா, இதுக்குள்ள வச்சா எந்த டவரு எட்டிப் பாக்கும்?"

"எலி கடிச்சா நீயா வாங்கித் தருவ?"

அண்ணன் தன் போனைக் கையில் பிடித்தபடி வீடு முழுக்க நடந்தார். அடுப்படி ஜன்னலில் மட்டும் சிக்னல் நிலையாக நின்றது. கட்டிலை அங்கே போடச் சொன்னார். "அடுப்படியில எவளாச்சும் படுப்பாளா?" என்று அம்மா முறைக்க முறைக்க, நானும் அவரும் தூக்கிப் போட்டோம்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் அம்மாவுக்குப் போன் பண்ணுவார். "லைன் டெஸ்ட்டுங்கம்மா... எந்திரிச்சிட்டீங்களா?" அவ்வளவுதான், வைத்துவிடுவார். அப்படிப் பண்ணச் சொல்லி நான் அவரிடம் கேட்கவே இல்லை.

சற்றுமுன் அம்மா கூப்பிட்டார்.

"தம்பி, இன்னிக்கு சிக்னல் இல்லடா."

"இப்ப எங்கிட்ட பேசிட்டுத்தானம்மா இருக்க?"

"ஒனக்கு வருது. செல்வத்துக்கு வரல. ஒரு போனப் போட்டு, வந்து பாக்கச் சொல்லு."

சரி என்று வைத்துவிட்டேன். போனில் சொல்ல வாய் வரவில்லை. லீவு சொல்லிவிட்டு பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன்.

போயிட்டு வாங்கண்ணே... அம்மா எந்திரிச்சிட்டாங்க.