லக்ஷ்மி ரோட்டில் உறங்கப் போன என் முதுகுப்பை

அடுத்த வருடம் வியட்நாமுக்குத் தன்னந்தனியாக முதுகுப்பை மாட்டிக்கொண்டு போகப் போவதாக ஊர் முழுக்க அறிவித்துவிட்டேன். அறிவித்த பிறகுதான் யோசித்தேன். நாற்பத்தேழு வயதில் நான் தனியாகப் போன அதிகபட்ச தூரம் பாளையங்கோட்டையிலிருந்து மதுரை. அதுவும் கடைவாய்ப் பல் பிடுங்க. எனவே உலகம் சுற்றுவதற்கு முன் ஓர் ஒத்திகை தேவைப்பட்டது. பாஷை தெரியாத ஊராக இருக்க வேண்டும், ஆனால் பாஸ்போர்ட் கேட்கக்கூடாது.

அந்த நேரம் பார்த்து புனேயிலிருந்து தங்கை ரேவதி கூப்பிட்டாள். கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்துப் பிறந்த மகளுக்கு இப்போது பதினொரு மாதம். சனிக்கிழமை காதுகுத்து. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் இல்லாமல் காது குத்துவதில்லை. மடியும் அவனுடையது, தோடும் அவனுடையது. அழுகை மட்டும்தான் குழந்தையின் சொந்தம். காலையில் மாப்பிள்ளைக்கு டியூட்டி, ஒன்றரையிலிருந்து மூன்று வரை எமகண்டம். ஆகவே மூன்றே கால் முதல் நாலே கால் வரை முகூர்த்தம் குறித்திருந்தார்கள்.

இப்படித்தான் போன பிப்ரவரியில் என் திக்விஜயம் தொடங்கியது. வெள்ளிக்கிழமை லோணாவ்ளாவில் இறங்கி, ஆறு பேர் படுக்கும் ஹாஸ்டல் அறையில் 550 ரூபாய்க்குத் தங்கினேன். ஐந்து பேரின் குறட்டை. ஆறாவது ஆள் நான் என்பதால் அந்தக் குறட்டையைப் பற்றி மட்டும் எனக்குத் தகவல் இல்லை.

சனிக்கிழமை காலை எட்டே காலுக்கு புனே லோக்கலில் ஏறினேன். 64 கிலோமீட்டர், டிக்கெட் 15 ரூபாய். இவ்வளவு மலிவாக ஒரு மனிதனை ஏற்றினால் அவன் எங்கே வேண்டுமானாலும் இறங்கிவிடுவான் என்று ரயில்வே யோசித்திருக்க வேண்டும். தளேகாவ் வந்தது. பிளாட்பாரத்தில் வடை பொரிகிற வாசனை வந்தது. பதினான்கு கிலோ பையோடு, இமயமலையே இடம்பெயர்வது போல இறங்கினேன். ஒரு வடாபாவ், 20 ரூபாய். முதல் கடிக்கும் இரண்டாவது கடிக்கும் நடுவே ரயில் போய்விட்டது. அதில் என் தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் போயின. அடுத்த லோக்கல் ஒன்றேகால் மணி நேரம் கழித்து வந்தது. அதற்குள் இன்னும் மூன்று வடாபாவ் தின்றேன், கோபத்தில்.

புனே ஸ்டேஷனில் இறங்கும்போது மணி பதினொன்றரை. தங்கை வீடு இருக்கும் வானவடி அங்கிருந்து ஆறே கிலோமீட்டர். மூளையுள்ளவன் நேராக அங்கே போயிருப்பான். எனக்கோ அப்போதுதான் நான் அரைக்கால் சட்டையில் இருப்பது உறைத்தது. பையில் முறுக்கு, அதிரசம், சில்வர் தட்டு எல்லாம் இருந்தன. சுமை குறையட்டும் என்று எடுத்து வைத்துவிட்டு வந்தது வேட்டியை மட்டும்தான்! மடியே இல்லாத தாய்மாமனாக அவள் மாமியார் முன்னால் போய் நிற்க முடியுமா? லக்ஷ்மி ரோட்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.

அங்கே ஒரு பழைய துணிக்கடை. எழுபது வயது மதிக்கத்தக்க முதலாளி தனியாக இருந்தார். ஜரிகை வேட்டி 650 ரூபாய். பேரம் பேச வாயெடுத்தேன், அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டு காசைக் கொடுத்து, வேட்டியைப் பைக்குள் திணித்தேன். எதிர்ப்புறம் மிசல் கடை, காரமான பயறுக் குழம்பும் பாவும். நாலு பெஞ்சுதான், என் பைக்கே தனி பெஞ்சு வேண்டும். பையை இங்கே வைத்துவிட்டுப் போகட்டுமா என்று அபிநயித்தேன். அவர் ஒரு மூலையைக் காட்டி, கடிகாரத்தைக் காட்டி, மராத்தியில் நீளமாக ஏதோ சொன்னார். நான் ராஜகம்பீரமாகத் தலையாட்டினேன். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

மிசல் 110 ரூபாய். காரத்தில் என் மூதாதையர் ஏழு தலைமுறையும் கண்ணீர் விட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று ஐந்துக்கு வெளியே வந்தேன். கடை ஷட்டர் இறங்கியிருந்தது. அதில் மராத்தியில் ஒரு பலகை.

ஷட்டரைத் தட்டினேன். உலுக்கினேன். "ஹலோ" என்று நான் போட்ட சத்தத்தில் லோணாவ்ளா மலையில் பாறை சரிந்திருக்கும். பக்கத்தில் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"அண்ணா, தமிழா? ஷட்டரைத் தட்டாதீங்க. போர்டு பாருங்க."

"என்ன போட்டிருக்கு?"

"'ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் பந்த். தட்டினா திறக்காது. தட்டத் தட்ட லேட்டாகும்.'"

அவர் பெயர் செல்வம். தாத்தா காலத்திலேயே கட்கி ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக்கு வந்த குடும்பம். "கடை மேலதான் காகா வீடு, அதான் முதலாளிப் பெரியவரு. சாப்பிட்டு சோ ஜாயேகா. தூங்கிருவாரு. யார் வந்தாலும் நாலு மணிதான், அண்ணா."

ஊரே பட்டப்பகலில் கடையைப் பூட்டிவிட்டுத் தூங்குகிறது! தங்கைக்குப் போன் போட்டேன்.

"தோடு எங்கண்ணே?"

"பைக்குள்ள."

"பை?"

"கடைக்குள்ள."

"கடைக்காரரு?"

"தூங்குதாரு."

பிறகு மெதுவாகச் சொன்னாள். "இங்க எங்க மாமியாரு, சித்தப்பன் மடியில உக்கார வச்சிக் குத்திரலாம், தோடு ஆசாரிட்டயே இருக்குங்காக. நான் பத்து வருசம் காத்துக் கெடந்தேன். உன் மடின்னுதான் எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன். வெளையாடாத, வந்துரு."

வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அவள் திட்டவில்லை என்றதும் செல்வத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன். கடை நாலு மணிக்குத் திறந்தால் நாலே காலுக்குள் வானவடி போக ஹெலிகாப்டர் வேண்டும்.

இரண்டு மணி வரை கெஞ்சிய பிறகு செல்வம் மனமிரங்கி, மாடியைப் பார்த்து "காகா! ஓ காகா!" என்று குரல் கொடுத்தார். பத்து நிமிடம் கழித்து பனியனோடு பால்கனிக்கு வந்தார் முதலாளி. செல்வம் மராத்தியில் கதையை எடுத்துரைத்தார். 'மாமா' என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. காகா என்னை மேலும் கீழும் பார்த்து ஏதோ சொன்னார்.

"என்னப்பா சொல்றார்?"

"மாமான்னா காலைலயே போயிருக்கணும், மிசலுக்கு உக்காந்திருக்கக் கூடாதுன்னு சொல்றாரு."

"சரிதான்னு சொல்லுங்க."

"ஷட்டர் நாலு மணிக்குத்தானாம். ஆனா வீட்டுக்குள்ள இருந்து கடைக்கு இறங்கப் படி இருக்கு, வெளி ஆளை விடமாட்டாராம். அவருக்கு முட்டி வலி, பை தூக்க முடியாது. என்ன வேணும்னு சொல்லுங்க, காய்கறிக் கூடையில இறக்குவாரு."

இங்கேதான் என் மேதைமை வெளிப்பட்டது. 'திருடர்கள் அழுக்கு சாக்ஸைத் தொடமாட்டார்கள்' என்று ஏதோ பயண வீடியோவில் பார்த்து, தோட்டுப் பெட்டியை மூன்று நாள் போட்ட கறுப்பு சாக்ஸுக்குள் திணித்து, பையின் அடியாழத்தில் புதைத்திருந்தேன். எந்த வாய் கொண்டு சொல்வது? "சின்ன டப்பா" என்று மட்டும் சொன்னேன்.

காகா போய், கை நிறைய சாமான்களோடு பால்கனிக்குத் திரும்பினார். ஒவ்வொன்றாகத் தெருவுக்குத் தூக்கிக் காட்டினார்.

"ஹே கா?" இதுவா? மூட்டுவலித் தைலம்.

"நஹி!"

"ஹே கா?" முறுக்கு டப்பா.

"நஹி!"

"ஹே கா?" என் பட்டாபட்டி டிராயர். பச்சைக் கோடு போட்டது. காற்றில் கொடி போலப் பறந்தது. எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. தூங்கும் ஊர் முழுவதும் எழுந்துவிட்டது. எனக்காக ஒரு ஷட்டர்தான் எழவில்லை.

"சாக்ஸ்!" என்று அலறினேன். "காலா சாக்ஸ்!"

இரண்டு விரலால், முகத்தைத் திருப்பிக்கொண்டு அதைக் கொண்டு வந்தார் அந்த உத்தமர். இரண்டு ஐம்பதுக்குக் கூடை இறங்கியது. சாக்ஸும் வேட்டியும் வந்தன. செல்வம் வண்டியைக் கிளப்ப, நான் ஆட்டோவிலேயே வேட்டியைக் கட்டினேன். ஏழு கிலோமீட்டர், மீட்டர் 122 ரூபாய், மூன்று சிக்னல்களில் பொதுமக்கள் பார்வையாளர்கள்.

மூன்று முப்பத்தெட்டுக்கு வானவடி. சித்தப்பன் ஏற்கெனவே மணையில் உட்கார்ந்திருந்தார். ரேவதி அவர் மடியிலிருந்து குழந்தையை எடுத்து, அவர் எழுந்திருக்கும்வரை நின்று, நான் உட்கார்ந்ததும் என் மடியில் வைத்தாள். ஆசாரி முதல் காதைக் குத்தியபோது பாப்பா அழுதாள். இரண்டாவது காதுக்கு நான் அழுதேன். மிசல் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இந்த வழியில் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தளேகாவில் இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் அடுத்த லோக்கல் எப்போது என்று விசாரித்துவிட்டு இறங்குங்கள். பழைய புனேயில் கடை வேலையை ஒன்றுக்குள் முடியுங்கள். புரியாத பேச்சுக்குத் தலையாட்டாதீர்கள். தங்கமான பொருளை உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். வியட்நாம் பயணம் தற்போதைக்கு மறுபரிசீலனையில் இருக்கிறது.

ஆறரைக்குப் பையை எடுக்கப் போனேன். எல்லாவற்றையும் நான் வைத்திருந்ததைவிட ஒழுங்காக மடித்து அடுக்கியிருந்தார் காகா. தன் காதைத் தொட்டு, ஆயிற்றா என்பது போலப் பார்த்தார். பெருமிதத்தோடு போனில் போட்டோவைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டினார். பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு விரலால் அளந்து காட்டினார், இடது காதுத் துளை ஒரு நூல் மேலே ஏறியிருக்கிறதாம்.

ஏறித்தான் இருக்கிறது. வீட்டில் இருபது பேர் பார்த்தும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. இப்போது எனக்கு அது ஒன்றுதான் படுகிறது. ரேவதியிடம் இதுவரை சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.